‘ஒன்றரை டன் வண்டி’யில் ஒன்றரை டன் ஏற்றலாமா?

பழைய பிக்கப் ஒன்றை வாங்கிய முதல் வாரம். முப்பத்திரண்டு மூட்டை சிமென்ட் ஏற்றிக்கொண்டு அம்பத்தூரிலிருந்து வில்லிவாக்கம் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பாடி மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். இறங்கும்போது பின்னால் வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், இடப்பக்க ஸ்பிரிங்கின் முதன்மைப் பட்டை முறிந்து, சரக்குத் தொட்டியின் அடிப்பாகம் டயர்மீது உட்கார்ந்திருந்தது. ரப்பர் கருகும் நாற்றம். வெயிலில் நின்றபடி மாற்று வண்டி பிடித்து, முப்பத்திரண்டு மூட்டையையும் கை மாற்றி ஏற்றியதற்கான கூலி அந்த வாரத்து வருமானத்தையே விழுங்கிவிட்டது.

வண்டியை முடித்துத் தந்த தரகரிடம் போனில் கேட்டேன். “ஒன்றரை டன் வண்டி அண்ணா, இரண்டு டன்கூடத் தாங்கும்” என்று விற்றவர், இப்போது “சாலை சரியில்லை” என்றார். சாலைமீது குற்றமில்லை. அந்த வண்டி சட்டப்படி தூக்கக்கூடியது இருபத்திரண்டு மூட்டை மட்டுமே என்று பிறகு எடை மேடையில் தெரிந்தது. அந்தக் கணக்கை முதலிலேயே யாராவது சொல்லித் தந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். புதிதாகப் பிக்கப் வாங்கித் தொழில் தொடங்குகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

பெயரில் உள்ள டன்னை மறந்துவிடுங்கள்

சென்னையில் ஓடும் சிறு சரக்கு வண்டிகளை நாம் எடையால்தான் அழைக்கிறோம். 2005இல் வந்த டாடா ஏஸ் ‘குட்டி யானை’ ஆகிவிட்டது. பொதுவாக முக்கால் டன் வண்டி என்று சொல்வோம். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் என்று பேர் வாங்கியது. மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.3, 1.5, 1.7 என்று எண்ணே பெயரில் ஒட்டியிருக்கும். கடைத்தெருவில் பேச இது வசதி. பாரம் ஏற்ற இது போதாது.

ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா மகன் பெரிய அமெரிக்கப் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறான். அங்கே அதை ‘முக்கால் டன் வண்டி’ என்கிறார்கள். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 எல்லாம் அந்த வகைதான். முக்கால் டன் என்பது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெயர். இன்றைய வண்டி அதைவிட மிக அதிகம் சுமக்கும். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கே உரிய எண் அதில் அச்சாகியிருக்கும். ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும், ஒன்றில் கூடுதல் வசதிகள் இருந்தால் அதன் எண் குறைந்திருக்கும். ஆட்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் சறுக்குகிற இடமே அதுதான்.

முதல் வேலை: ஆர்.சி.யில் இரண்டு எண்கள்

பதிவுச் சான்றை எடுங்கள். அதில் ‘அன்லேடன் வெயிட்’ என்று ஒன்று, ‘லேடன் வெயிட்’ அல்லது ‘கிராஸ் வெஹிக்கிள் வெயிட்’ என்று ஒன்று இருக்கும். முன்னது வெற்று வண்டியின் எடை. பின்னது சரக்கு, ஆள், டீசல் எல்லாம் சேர்த்து வண்டி சாலையில் நிற்கக்கூடிய உச்ச எடை. இதைத் தாண்டினால்தான் ‘ஓவர்லோடு’. சட்டம் பார்ப்பது இந்த மொத்த எடையைத்தான். எத்தனை டன் சரக்கு ஏற்றினீர்கள் என்பதை அல்ல.

என் வண்டியின் எண்களையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 2,900 கிலோ. வெற்று எடை 1,480. கழித்தால் 1,420. ஆக, ஆர்.சி.யைத் திறந்த உடனேயே ஒன்றரை டன்னில் 80 கிலோ காணாமல் போயிற்று.

மோட்டார் வாகனச் சட்டம் வெற்று எடைக்குத் தரும் விளக்கத்தில், வண்டியோடு வழக்கமாகப் பயன்படும் சாதனங்கள் அடங்கும். ஓட்டுநரின் எடையும் உதவியாளரின் எடையும் அடங்கா. எனவே நீங்களும் உங்களோடு வரும் லோடுமேனும் சரக்குக் கணக்கில்தான் வருகிறீர்கள். வண்டிக்கு நீங்களும் ஒரு மூட்டை.

இன்னொரு எண்ணையும் இங்கேயே பார்த்துவிடலாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்பது சட்டத்தின் 66ஆம் பிரிவு தரும் சலுகை. பல பிக்கப்களின் மொத்த எடை 3,000-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்த வண்டியின் எலும்பு இன்னும் கொஞ்சம் தாங்குமே என்று தோன்றலாம். தோன்றட்டும். பதிவான எண் எதுவோ, அதுதான் வரம்பு.

ஓட்டுநர் உரிமம் பற்றி நிறைய குழப்பம் இருந்தது, இப்போது தெளிந்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. நாம் பேசும் பிக்கப்கள் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இரண்டாவது வேலை: எடை மேடைக்குப் போங்கள்

இதை மட்டும் யாரும் செய்வதில்லை. பத்திரிகையில் ராசிபலன் பார்ப்பதற்குச் செலவிடும் நேரம்தான் ஆகும். மாதவரம், செங்குன்றம், மணலி, அம்பத்தூர் என லாரிகள் புழங்கும் எந்தப் பக்கம் போனாலும் ‘எடை மேடை’ என்று பலகை இருக்கும். கட்டணம் சொற்பம்.

எப்படிப் போக வேண்டும் என்பது முக்கியம். டீசல் டேங்க் நிறைந்திருக்க வேண்டும். தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப் பெட்டி, தொட்டியில் விரித்திருக்கும் இரும்புத் தகடு, மேலே கட்டியிருக்கும் கம்பிச் சட்டம் எல்லாம் தினமும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். சரக்கு மட்டும் வேண்டாம். நீங்களும் லோடுமேனும் இறங்கி நின்று ஒரு சீட்டு வாங்குங்கள்.

என் வண்டி காட்டியது 1,655. ஆர்.சி.யில் இருந்ததைவிட 175 கிலோ கூடுதல். எனக்கு முன்பு வைத்திருந்தவர் தொட்டிக்கு அடியில் தடித்த தகடு அடித்து, பக்கப் பலகைகளை உயர்த்தி, பின்னால் கனத்த பம்பர் ஒன்றும் மாட்டியிருந்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. அந்தக் கம்பீரத்தின் விலை மூன்றரை மூட்டை சிமென்ட். அதுவும் ஒவ்வொரு நடைக்கும்.

இப்போது நான் 70 கிலோ, உதவியாளர் 65 கிலோ. 1,655-உடன் சேர்த்தால் 1,790. 2,900-இல் கழித்தால் மிஞ்சுவது 1,110 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாக இருபத்திரண்டு. முப்பதும் இல்லை, முப்பத்திரண்டும் இல்லை.

இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடிக்கு மேலே செருகிவையுங்கள். உங்கள் வண்டிக்கு வேறு எண் வரும். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் வண்டிக்குக்கூட வேறு எண் வரலாம். சி.என்.ஜி. சிலிண்டர் பொருத்தினால் எண் இறங்கும். மின்சார வண்டியில் பேட்டரியே பாரம்; 2022இல் அறிமுகமான ஏஸ் மின்வண்டியின் சுமைத் திறன் 600 கிலோ என்றே அறிவித்தார்கள்.

மூன்றாவது வேலை: எடை எங்கே உட்காருகிறது?

மொத்த எடை சரியாக இருந்தாலும் வண்டி ஓவர்லோடு ஆகலாம். இதை நான் சொன்னால் பழைய ஓட்டுநர்களே சிரிப்பார்கள். ஆகவே கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

வண்டிக்கு இரண்டு அச்சு. ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. தயாரிப்பாளர் ஒட்டிய தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். பின்னச்சின் வரம்பு 1,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர். நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்த நிலையில் முன்னால் 960, பின்னால் 830, ஆக 1,790.

இருபத்திரண்டு மூட்டை, அதாவது 1,100 கிலோ. அதைக் கேபினை ஒட்டி அடுக்கத் தொடங்கி, பாரத்தின் நடுப்புள்ளி பின்னச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் விழும்படி ஏற்றினால், சுமார் 73 கிலோ முன்னச்சுக்குப் போகும், 1,027 கிலோ பின்னச்சுக்குப் போகும். முன்னால் 1,033, பின்னால் 1,857. இரண்டும் வரம்புக்குள்.

அதே 1,100 கிலோவை, ‘இறக்க வசதியாக இருக்கட்டும்’ என்று பின்கதவு ஓரமாக அடுக்கினால்? நடுப்புள்ளி பின்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது என்று வையுங்கள். இப்போது சீசா விளையாட்டு தொடங்குகிறது. பின்னச்சில் ஏறுவது 1,100 அல்ல, 1,210. அந்தக் கூடுதல் 110 கிலோ முன்சக்கரங்களிலிருந்து பிடுங்கப்பட்டது. பின்னால் 2,040, முன்னால் 850. மொத்தம் அதே 2,890தான். எடை மேடையில் முழு வண்டியாக ஏற்றினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பின்னச்சு 140 கிலோ அதிகமாகச் சுமக்கிறது.

அறிகுறி ஸ்டியரிங்கில் தெரியும். விரலால் தொட்டாலே திரும்பும். ‘வண்டி பூ மாதிரி ஓடுகிறது’ என்று சிலர் இதற்குப் பெருமைப்படுவார்கள். முன்சக்கரம் சாலையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் பிரேக் அடித்துப் பார்க்கும்போது பூ எங்கே போனது என்று தெரியும். இரவில் இன்னொரு அடையாளம்: முகப்பு விளக்கு எதிரே வரும் பைக்காரரின் கண்ணைக் குத்தும். அவர் திட்டிக்கொண்டே போவார். உங்கள் அச்சுக் கணக்கைத்தான் அவர் திருத்துகிறார்.

எடை மேடையில் இதையும் அளக்கலாம். பாரம் ஏற்றியபின் முழு வண்டியையும் ஒரு முறை, முன்சக்கரம் மேடையைத் தாண்டி இறங்கியதும் பின்சக்கரத்தை மட்டும் ஒரு முறை. மேடைக்காரர் தொடக்கத்தில் முறைப்பார். இரண்டு எடைக்கும் காசு கொடுத்தால் முறைப்பு நிற்கும்.

நான்காவது வேலை: டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

டயர் அளவை அடுத்து இரண்டு அல்லது மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், பக்கத்தில் ஓர் எழுத்தோடு. அது சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 106 என்றால் 950. 112 என்றால் 1,120. என் வண்டியின் பின்னச்சு வரம்பு 1,900; ஒற்றை டயர் இரண்டு பக்கம்; ஒன்றுக்கு 950 வேண்டும். ஆக, 106-க்குக் குறைந்த டயர் போடக் கூடாது. விலை மலிவாகக் கிடைக்கிறது என்று 100 குறியீடு கொண்ட கார் டயரைப் போட்டால், பின்னச்சின் உண்மையான வரம்பு 1,600-க்கு இறங்கிவிடும். ஆர்.சி. என்ன சொன்னாலும் சரி.

டயர் அந்த எடையைத் தாங்குவது உரிய காற்றழுத்தம் இருக்கும்போது மட்டும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். கத்திரி வெயிலில் தார்ச்சாலை தரும் சூடு வேறு. மே மாதம் மதிய வேளையில் பைபாஸில் வெடித்துக் கிடக்கும் டயர்த் துண்டுகளுக்கு ஆணி மட்டுமே காரணம் அல்ல. பழைய வண்டி வாங்கும்போது டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

பட்டை கூட்டலாமா?

எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் கிடைக்கும் அறிவுரை இது: “இரண்டு பட்டை கூட்டிவிடுங்கள், வண்டி மலை மாதிரி நிற்கும்.” நிற்கும்தான். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. அதனால்தான் ஆபத்து.

ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினால் ஸ்பிரிங் மட்டுமே பலமாகிறது. அச்சு, அதன் பேரிங், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. முன்பு பட்டை தாழ்ந்து ‘போதும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது; இப்போது அதன் வாயைக் கட்டிவிட்டோம். அடுத்து முறிவது பட்டையாக இருக்காது.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பல பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்தும். அச்சிலிருந்து ஒரு கம்பி அதோடு இணைந்திருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், ‘சரக்கு இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு பின்சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வெறும் வண்டியாக இருந்தால் குறைத்துவிடும். இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பட்டை கூட்டிய வண்டியில் ஒரு டன் ஏற்றினாலும் பின்பக்கம் அவ்வளவாகத் தாழ்வதில்லை. வால்வு அதை வெற்று வண்டி என்றே நினைத்துக்கொள்கிறது. முழுப் பாரத்தோடு, அரைப் பிரேக்கில் ஓடுகிறீர்கள். கத்திபாரா மேம்பாலத்தின் வளைவில் இறங்கும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது. ஏற்றத்தில் எந்த கியரில் ஏறுவீர்களோ, இறக்கத்திலும் அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

கண்ணுக்குக் கொஞ்சம், மேடைக்கு நிறைய

கண்மட்டத்தில் எடை போடுவது எங்கள் தொழிலின் பழக்கம். மெத்தை, தெர்மாகோல், வாழையிலைக் கட்டு என்றால் பிரச்சினையில்லை, தொட்டி நிறைந்து வழிந்தாலும் எடை ஏறாது. ஏமாற்றுவது மணல்.

எம்-சாண்ட் ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, ஏறத்தாழ நாலரை டன். கன அடிக்கு 45 கிலோ. எட்டரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியைத் தலை தட்டி நிரப்பினால் எழுபது கன அடி. மூன்று டன்னுக்கு மேல்! என் வண்டியின் 1,110 கிலோவுக்கு எவ்வளவு தெரியுமா? தொட்டியின் அடியிலிருந்து ஆறு அங்குலம். பார்த்தால், ‘வண்டி காலியாகத்தானே இருக்கிறது’ என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மணல் என்றால் ஆறு அங்குலமும் அதிகம்.

தண்ணீர் கேன் ஏற்றுகிறவர்கள் கேனுக்கு 21 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு கேனோடு நிறுத்த வேண்டும். தொட்டியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் வைத்துத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் பாதி நிரப்பினால் எடை குறையும் என்று நினைப்பார்கள். குறையும், ஆனால் பாதி நிறைந்த டேங்கில் தண்ணீர் அலை அடித்து, திருப்பத்தில் வண்டியையே இழுக்கும். கிரானைட் பலகை இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் சதுர அடிக்கு ஐந்து கிலோ. சமையலறை மேடைக்கு என்று நாலு பலகை ஏற்றிவிட்டு, மேலே இன்னும் இடம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

முறுக்குக் கம்பி வேறு மாதிரித் தொல்லை. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ. நூறு கம்பி 1,070 கிலோ. எடை பொருந்திவிட்டது. நீளம்? நாற்பது அடிக் கம்பியை மடித்தாலும் இருபது அடி. தொட்டியோ எட்டரை அடி. பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. இரவில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் அந்தத் துணியைப் பார்ப்பதற்கு முன் கம்பியைச் சந்தித்த செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். கம்பிக்கு நீள வண்டி பிடியுங்கள், அல்லது கடையிலேயே வெட்டி வாங்குங்கள்.

பிடிபட்டால்

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி, வரம்பை மீறிய எடைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. இறக்காமல் வண்டி நகராது. பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. எடை போட மறுத்து ஓடினால் 40,000. என் பத்து மூட்டைக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் வாடகை மூன்று பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும். அபராதத்தைவிட விபத்துதான் பெரிய கவலை. அளவுக்கு மீறிய எடை என்று பதிவானால், இழப்பீட்டைத் தட்டிக்கழிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும்.

இழுப்பது வேறு கணக்கு

ஜெனரேட்டர், கான்கிரீட் கலவை இயந்திரம், கம்ப்ரஸர் இவற்றைப் பின்னால் கட்டி இழுக்கும் வண்டிகளைச் சென்னையில் தினமும் பார்க்கலாம். ‘சுமப்பது 1,110, இழுப்பதற்கு அதைவிட அதிகம் முடியும்’ என்று நினைத்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். முதலில் வண்டியின் கையேட்டைத் திறந்து இழுவைத் திறன் என்று எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல சிறு பிக்கப்களுக்கு அப்படி ஒன்று இருக்காது. எண் இல்லை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. பட்டறையில் கொக்கி ஒன்றை வெல்டிங் வைத்துவிட்டால் வண்டிக்கு இழுவைத் திறன் வந்துவிடாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும்.

எண் இருந்தால், மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. வண்டியில் சரக்கை நிரப்பிவிட்டால் இழுக்கும் இடம் சுருங்கும். விளம்பரத்தில் வரும் பெரிய இழுவை எண், தொட்டி ஏறத்தாழக் காலியாக இருக்கும் வண்டிக்கானது. அமெரிக்கப் பிக்கப்களிலும் இதே கதைதான். சுமைத் திறன், இழுவைத் திறன் இரண்டின் உச்சத்தையும் ஒரே நேரத்தில் அனுபவிக்க முடியாது.

இரண்டு, டிரெய்லரின் கொக்கி வண்டியின் வாலை அழுத்தும் எடை. சாதாரண டிரெய்லரில் அதன் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 900 கிலோ ஜெனரேட்டர் வண்டி என்றால் 90 முதல் 135 கிலோ வரை. இது உங்கள் சரக்குக் கணக்கில் கழியும். கொக்கியோ பின்னச்சுக்கு மிகவும் பின்னால் இருக்கிறது; முன்பு பார்த்த சீசா ஞாபகம் இருக்கிறதா? ஒன்றேகால் மீட்டர் பின்னால் 100 கிலோ இறங்கினால், பின்னச்சில் 140-க்கு மேல் ஏறும், முன்னச்சு 40-க்கு மேல் இழக்கும். இதற்குப் பயந்து டிரெய்லரில் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கொக்கி எடையைக் குறைத்தால் அது இன்னும் மோசம். வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கும், பிறகு வண்டியையும் சேர்த்து ஆட்டும்.

மூன்று, நிறுத்துவது. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லையென்றால் அதன் முழு எடையையும் உங்கள் வண்டியின் பிரேக்தான் நிறுத்த வேண்டும்.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது மட்டும் அவ்வப்போது யாருக்கும் நேரும். 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் விதிமுறைப்படி இரண்டுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இழுக்கப்படும் வண்டியில் விவரம் தெரிந்தவர் உட்கார வேண்டும். என்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் உதவாது. பிரேக் மிதி கல்லாக இருக்கும், முழுக் காலையும் கொடுத்து மிதிக்க வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கயிறைவிட இரும்புத் தண்டு கிடைத்தால் நல்லது.

கோடு

இவ்வளவு கணக்கையும் தினமும் யார் போடுவது? நானும் போடுவதில்லை. தொட்டியின் உட்புறப் பலகையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு அடித்துவைத்திருக்கிறேன், ஆறு அங்குல உயரத்தில். மணலுக்கு அதுதான் எல்லை. தொட்டியின் தரையில் பின்னச்சுக்கு நேராக இன்னொரு கோடு. கனமான எதுவும் அதற்கு முன்னால்தான். பக்கப் பலகையில் சிமென்ட் 22, கேன் 52 என்று எழுதியும் வைத்திருக்கிறேன். கம்பீரமான பின் பம்பரைக் கழற்றிப் புதுப்பேட்டையில் விற்றுவிட்டேன். அதில் கிடைத்த எடையை மூட்டையாக மாற்றவில்லை, மழைக்காலத்துக்கு என்று விட்டுவைத்திருக்கிறேன்.

வாடிக்கையாளர்களோடு தகராறு இன்னும் வருகிறது. ‘மற்றவர்கள் முப்பது மூட்டை ஏற்றுகிறார்களே’ என்பார்கள். இரண்டு நடைக்கு வாடகை சொல்வேன். ஒத்துக்கொண்டால் போவேன், இல்லாவிட்டால் வேறு வண்டி பார்க்கச் சொல்வேன். சிலர் போய்விட்டார்கள். மணல் யார்டில் ஆட்கள் முதலில் கேலி செய்தார்கள். இப்போது வண்டி உள்ளே நுழைந்ததுமே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒருவர் கேட்கிறார்: “கோடு வரைக்கும்தானே அண்ணா?”